விலகித் திரும்பும் கல்

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது விநாடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்துக்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்தே சேதம் அமைகிறது. மெத்தையில் விழுந்த கைக்கடிகாரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. மொசைக் தரையில் விழுந்து ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், உள்ளே உள்ள ஒவ்வொரு பாகமும் அந்தக் கணத்தில் தன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு பாரமாகிவிடும். நிற்கும் தூரம் அரை மில்லிமீட்டராகக் குறைந்தால் இரண்டாயிரம் மடங்கு.

சாவி கொடுக்கும் கடிகாரத்திலும் ஆட்டோமேட்டிக்கிலும் இந்தப் பாரத்தை முதலில் வாங்குவது பேலன்ஸ் வீல். நேரத்தை அளப்பது அதுதான். ஹேர் ஸ்பிரிங்கின் இழுப்பில் அது இப்படியும் அப்படியும் சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் 18,000 அரைவீச்சு, 21,600, அல்லது இன்று பரவலாக உள்ளபடி 28,800. அந்தச் சக்கரத்தின் அச்சு இரு முனைகளிலும் மெலிந்து, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசிமுனையாக முடிகிறது. கிட்டத்தட்டத் தலைமுடியின் தடிமன். சக்கரத்தின் எடை பத்தில் ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மடங்கு என்பது நூறு கிராம். நூறு கிராம் சொற்பம்தான். அதைத் தலைமுடி அளவுள்ள எஃகு முனை, அதுவும் விறைப்பாக்கப்பட்டதால் வளைவதைவிட முறியவே விரும்பும் எஃகு முனை, தாங்க வேண்டியிருப்பதுதான் சங்கடம்.

முனையைத் தடிமனாக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் இந்தத் துறையின் மூல முரண்பாடு இருக்கிறது. கடிகாரம் மல்லாந்து கிடக்கும்போது அச்சின் உருண்டையான நுனி மட்டும் கல்லின் மேல் நின்று சுழல்கிறது. உராய்வு மிகக் குறைவு. கடிகாரத்தை நிமிர்த்தியதும் முனையின் பக்கவாட்டு முழுவதும் கல்துளையின் சுவரில் உராய்கிறது. அந்த உராய்வின் இழுப்பு முனையின் தடிமனுக்கேற்ப வளரும். தடிமனான முனை என்றால் சக்கரத்தின் வீச்சு குறையும். கிடக்கும் நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் ஓட்டம் வேறுபடும். நல்ல நேரம் காட்ட மெல்லிய முனை வேண்டும், உயிர் பிழைக்கத் தடித்த முனை வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளாகக் கடிகாரக்காரர்கள் இந்த இரண்டையும் ஒரே அச்சில் பொருத்தப் போராடியிருக்கிறார்கள்.

சட்டைப்பையில் சங்கிலியோடு கிடந்த காலத்தில் இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. விழுந்தால் முறியும், கடிகாரக்காரர் லேத்தில் புதிய அச்சைக் கடைந்து மாட்டுவார், அது அன்றாட வேலை. முதல் உலகப் போருக்குப் பிறகு கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்தபோது நிலைமை மாறியது. உடலிலேயே மிக அதிகமாக வீசி ஆட்டப்படும், கதவிலும் மேசையிலும் இடிபடும் உறுப்பு கை. அங்கே மிக நுட்பமான கருவியைக் கட்டிவிட்டால், அதற்குப் புதிய பாதுகாப்பு வேண்டும்தானே.

விடையின் வித்து அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே விழுந்திருந்தது. நியூஷாதெலில் 1747இல் பிறந்து பாரிஸில் தொழில் செய்த ஆபிரகாம் லூயி ப்ரெகே, 1790 வாக்கில் ‘பாராஷூட்’ என்ற ஏற்பாட்டைக் கண்டார். அச்சின் முனைகளைக் கூம்பாகக் கடைந்தார். அவை அமரும் கல்லில் அதற்கேற்ற சிறு குழியை வெட்டினார். அந்தக் கல்லை அசையாமல் பதிக்காமல், மெல்லிய எஃகுப் பட்டை ஸ்பிரிங்கின் நுனியில் ஏந்தவிட்டார். அடி விழுந்தால் கல் பின்வாங்கும். பிறகு ஸ்பிரிங் அதை மீட்டுக் கொண்டுவரும். ராஜதந்திரி தாலிரானின் வீட்டில் விருந்தினர் முன்னால் ப்ரெகே தன் கடிகாரத்தைத் தரையில் வீசியெறிந்து காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், சிந்தனையின் திசையை அவர் திருப்பிவிட்டார் என்பதில் ஐயமில்லை. மெலிந்ததை வலுப்படுத்த முயலாமல், அதை அடியின் வழியிலிருந்து விலகவிடும் யோசனை அது. இன்றுவரை வந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள்தான்.

அந்த யோசனையைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர்கள் சுவிட்சர்லாந்தின் ல ஷோ-த-ஃபோன் நகரில் வேலை செய்த ஜார்ஜ் பிரவுன்ஷ்வைக், ஃப்ரிட்ஸ் மார்த்தி இருவரும். 1934இல் அவர்கள் உருவாக்கிய இன்காப்ளாக், பழைய கைக்கடிகாரங்களைக் கையாண்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். டயலிலேயே அந்தப் பெயரை அச்சடித்து விற்ற காலம் ஒன்று இருந்தது.

லூப்பைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்து பாருங்கள். பேலன்ஸ் வீலின் நடுவே, அதைத் தாங்கும் பாலத்தில், யாழ் வடிவத்தில் ஒரு பொன்னிற ஸ்பிரிங் தெரியும். அதன் இரு கால்களுக்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கல் மின்னும். ட்வீசர் நுனியால் கால்களை மெல்ல உள்ளே அழுத்தித் தள்ளினால் அவை பிடியிலிருந்து விடுபடும். ஸ்பிரிங் கீல் வைத்த கதவுபோல் மேலே திறந்து, கழன்று விழாமல் நிற்கும். அடியில் தட்டையான ஒரு மூடிக்கல். அதற்குக் கீழே பித்தளை நிறத்தில் ஒரு சிறு கிண்ணம். அதன் நடுவில் துளையிட்ட இன்னொரு கல். கிண்ணத்தின் வெளிச்சுவர் சரிவாக இருக்கும். அது அமரும் குழியின் சுவரும் சரிவாக இருக்கும். எண்ணெய் ஊற்றும் புனலுக்குள் அதைவிடச் சிறிய புனலை வைத்து, மேலே ஒரு விரலால் லேசாக அழுத்திப் பிடித்ததுபோல என்று சொல்லலாம். அந்த விரலின் வேலையை யாழ் ஸ்பிரிங் செய்கிறது.

பக்கவாட்டில் அடி விழுந்தால் அச்சு ஒரு பக்கம் சாயப் பார்க்கும். கிண்ணம் சரிவில் ஏறி நழுவும், ஸ்பிரிங் மேலே தூக்கப்படும், முனையும் கல்லும் சேர்ந்தே நகரும். மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு நகர்வதற்குள், முனைக்குச் சற்று உள்ளே இருக்கும் அச்சின் தடித்த பகுதி, குழியின் அசையாத சுவரில் முட்டி நின்றுவிடும். நேர்கீழாக அடி விழுந்தால் மூடிக்கல் மேலெழும். அச்சின் தோள் சுவரில் இடிக்கும். ஸ்பிரிங் அடியை உறிஞ்சிக்கொள்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். உறிஞ்சுவது சிறு பங்குதான். மெலிந்த முனை ஒதுங்க வழிவிட்டு, அடியை அச்சின் வலுவான பகுதியின் மேல் திருப்பிவிடுவதுதான் அதன் முதல் வேலை.

அதைவிடக் கடினமான இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. இந்தத் துறை முழுவதையும் புரிந்துகொள்ள அதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். விலகிய கிண்ணம் பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அருகில் வந்தால் போதாது. கிண்ணம் சரிவில் பாதி ஏறியபடி சிக்கிக்கொண்டால் அச்சு சாய்ந்தே ஓடும். பேலன்ஸ் வீல் மேலேயோ கீழேயோ உரசும். அதற்கு உந்துதல் தரும் நெம்புகோலோடு அது பேசும் கோணம் மாறும். கடிகாரம் நின்றுபோகாது. நாளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று பிசகிக்கொண்டே ஓடும், காரணமும் எளிதில் பிடிபடாது. விலகுவதற்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும்; திரும்புவதற்கு அழுத்தமாக இருக்க வேண்டும். சரிவு மிகத் தாழ்வாக இருந்தால் கிண்ணம் லேசான அசைவுக்கே நகர்ந்துவிடும். மிகச் செங்குத்தாக இருந்தால் அடி விழும்போது நகராமல் இறுகிக்கொள்ளும். பெயர் பெற்ற எல்லா அமைப்புகளும் இந்தச் சமன்பாட்டின் வெவ்வேறு தீர்வுகள்தான்.

வாலே த ஜூ பள்ளத்தாக்கின் ல சாந்தியே ஊரிலிருந்து வந்த கிஃப், யாழுக்குப் பதிலாக மூன்று இதழுள்ள ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தது. மூன்று இடங்களில் சமமாக அழுத்துவதால் கல் நடுவுக்கு வருவது சீராகிறது. ஆனால் சில கிஃப் வகைகளில் ஸ்பிரிங்கைத் திருப்பிக் கழற்றி எடுக்க வேண்டும். ட்வீசரிலிருந்து தெறித்து அறையின் எந்த மூலைக்கும் போய்விடும். சர்வீஸ் செய்பவர்கள் இதைச் சொல்லும்போது குரலில் சலிப்பு தெரியும். ஜப்பானில் செய்கோவின் டயாஷாக்கும் சிட்டிசனின் பாராஷாக்கும் 1950களில் தலைகாட்டின. ரோலெக்ஸ் நெடுங்காலம் கிஃபை வாங்கிப் பயன்படுத்திவிட்டு, 2005இல் பாராஃப்ளெக்ஸ் என்ற சொந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றது. அதிர்ச்சி தாங்கும் திறன் ஐம்பது விழுக்காடு வரை கூடியிருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அதன் ஸ்பிரிங் இருபுறமும் ஒத்த வடிவம் கொண்டது. தலைகீழாக மாட்டிவிடவே முடியாது. வடிவமைத்தவர் பழுது பார்ப்பவரையும் மனத்தில் வைத்திருக்கிறார்.

இந்த வரிசையில் நம் நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ளது பாராஷாக். 1961இல் பெங்களூரில் சிட்டிசனின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, தொழில்நுட்பத்தோடு அந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே வந்தது. ஜனதா, பைலட் போன்ற மாடல்களின் டயலில் ‘17 ஜூவல்ஸ்’ என்ற எழுத்தோடு ‘பாராஷாக்’ என்ற சொல்லும் இருந்ததை ஒரு தலைமுறையே பார்த்திருக்கிறது. அந்தப் பதினேழு கற்களில் நான்கு, அதாவது இரண்டு துளைக்கல்லும் இரண்டு மூடிக்கல்லும், பேலன்ஸ் அச்சின் இரு முனைகளில் இருப்பவை. கல்யாணத்துக்கும் வேலை கிடைத்ததற்கும் பரிசாக வந்து, சைக்கிள் ஹேண்டில்பாரிலும் பட்டறையிலும் ஆண்டுக்கணக்கில் குலுங்கியும் அந்தக் கடிகாரங்கள் ஓடியதற்கு அந்த நான்கு கற்களும் அவற்றைத் தாங்கிய ஸ்பிரிங்குகளும் முக்கியக் காரணம். 2016 ஜனவரியில் எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கடிகாரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கல்லை விலகவிடுவது ஒரு பள்ளி என்றால், மற்ற பள்ளிகளும் உண்டு. கடிகாரக்காரர் பால் வைலர் 1920களின் இறுதியில் சக்கரத்தையே வளையவிட்டார். அவருடைய இன்காஃப்ளெக்ஸ் பேலன்ஸில் ஆரங்கள் நேராக இல்லாமல் சுருளாக வளைந்திருக்கும். அடி விழும்போது சக்கரத்தின் விளிம்பு அசைந்துகொடுத்து அச்சின் பாரத்தைக் குறைக்கும். 1956இல் இரண்டு வைலர் கைக்கடிகாரங்களை ஈபிள் கோபுரத்தின் உச்சியிலிருந்து கீழே போட்டார்கள், இரண்டும் ஓடின. அதே ஆண்டில் சிட்டிசன் தன் பாராஷாக் கடிகாரங்களை ஹெலிகாப்டரில் எடுத்துப்போய் 30 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுக் காட்டியது. விளம்பரமாக இவற்றை மெச்சலாம், சோதனையாகக் கொள்ள முடியாது. விழுந்த இடம் மண்ணா கல்லா, எந்தப் பக்கமாக விழுந்தது, காற்று எவ்வளவு தடுத்தது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அதோடு, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். விழுந்த பிறகு எவ்வளவு துல்லியமாக ஓடுகிறது என்ற கேள்விதான் கடிகாரத்துக்கு உரியது.

அந்தக் கேள்வியைக் கேட்பது ஐ.எஸ்.ஓ. 1413 என்ற பன்னாட்டுத் தரம். மூன்று கிலோ எடையுள்ள கடினப் பிளாஸ்டிக் சுத்தியல் ஊசலாடி வந்து, விநாடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் கடிகாரத்தை அடிக்கும். ஒரு அடி ஒன்பது மணிப் பக்கத்தில், இன்னொன்று கண்ணாடியின் மேல் நேராக. ஒரு மீட்டரிலிருந்து மரத்தரையில் விழுவதற்கு இது சமம். அதன் பிறகு நாளுக்கு 60 விநாடிக்கு மேல் ஓட்டம் மாறியிருக்கக்கூடாது. எங்கே எப்படி அடி விழுந்தது என்று தெளிவாகச் சொல்வதால் இந்தத் தரத்தை மதிக்கிறேன். ஆனால் அறுபது விநாடி தாராளமான எல்லை. சுவிட்சர்லாந்தின் கோஸ்க் சான்றிதழ் பெற்ற கடிகாரம் நாளுக்குச் சராசரியாக 4 விநாடி பிந்தலாம் அல்லது 6 விநாடி முந்தலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒன்று சுத்தியல் அடிக்குப் பிறகு ஐம்பது விநாடி பிசகினாலும் அதிர்ச்சி தாங்குவது என்றே பெயர் பெறும். கல் தன் இடத்துக்குத் திரும்பியதா என்பதை இந்த எல்லை போதுமான அளவு சோதிக்கவில்லை.

மூன்றாவது பள்ளி, கடிகாரத்தின் உள்ளியக்கம் முழுவதையும் மிதக்கவிடுகிறது. அதன் மிகப் புகழ்பெற்ற உதாரணத்தில் பேலன்ஸ் வீலே கிடையாது. தந்தை தந்த கடிகாரம் விழுந்து உடைந்ததைப் பார்த்த காசியோ பொறியாளர் கிகுவோ இபே, மாதிரிகளை மாடிக் கழிவறை ஜன்னலிலிருந்து மீண்டும் மீண்டும் கீழே போட்டுப் பார்த்து, உள்ளியக்கத்தைச் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி உறைக்குள் மிதக்கவிட்டார். 1983இல் வந்த ஜி-ஷாக் குவார்ட்ஸ் கடிகாரம். ஊசிமுனை அச்சு என்ற பலவீனமே அதற்கு இல்லை. இயந்திரக் கடிகாரத்தில் அதே யோசனையை ரிச்சர்ட் மில் விலையுயர்ந்த எல்லைக்குக் கொண்டுபோனார். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலுக்காக 2013இல் வந்த மாடலில், உள்ளியக்கம் மெல்லிய எஃகு வடங்களில் தொங்குகிறது. 2020இல் வந்த இன்னொன்றில் டென்னிஸ் மட்டையின் நரம்புகளைப்போல் ஒரே எஃகு வடத்தால் பின்னிய வலையில் அது தாங்கப்படுகிறது. புவியீர்ப்பைப்போல் 12,000 மடங்கைத் தாங்கும் என்கிறார்கள். ஐ.டபிள்யூ.சி. என்ற கடிகார நிறுவனம் 2021இல் 30,000 மடங்கைத் தாண்டியதாக அறிவித்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். மடங்கு என்பது அதிர்ச்சியின் உச்சத்தை மட்டுமே சொல்லும். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லாது. உலோகத்தோடு உலோகம் லேசாக முட்டினால்கூட மிகக் குறுகிய கணத்துக்கு ஆயிரக்கணக்கான மடங்கு எழும்பி அடங்கும். அதில் ஆற்றல் சொற்பம். மெத்தென்ற இடத்தில் பலமாக மோதினால் உச்சம் குறைவாகவும் ஆற்றல் அதிகமாகவும் இருக்கும். கால அளவைச் சொல்லாமல் 12,000ஐயும் 30,000ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

மிதக்கவிடும் அமைப்புகளின் பொறியியலை வியக்கிறேன். ஆனால் உலகில் ஓடும் பெரும்பாலான இயந்திரக் கடிகாரங்களைக் காப்பாற்றுவது இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும் அந்தக் கிண்ணமும் ஸ்பிரிங்கும்தான். விலை குறைவு, இடம் கேட்பதில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் திறந்து சுத்தம் செய்ய முடியும். துளைக்கல்லுக்கும் மூடிக்கல்லுக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் நிற்கிறது. அது காய்ந்தால் முனை தேயும். அச்சைக் கழற்றாமலேயே மூடிக்கல்லை எடுத்து, கழுவி, புதிய துளி வைத்து மூடலாம் என்ற வசதியை அடிதாங்கும் அமைப்புதான் தந்தது. கடிகாரத்தின் ஆயுள் கூடியதில் அடியைத் தடுத்ததற்கு உள்ள பங்கு இந்த வசதிக்கும் உண்டு என்பது என் கணிப்பு. ஒரு அமைப்பு நல்லதா என்று எடைபோடும்போது, அதைச் சிறு ஊரில் ஒற்றை மேசை வைத்திருக்கும் ஒருவர் பிரித்து மாட்ட முடியுமா என்பதையும் கேட்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு எட்டாத இடங்களும் பல. ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம், அல்லது வெளிச்சுற்று சீரமைப்பு ஊசியைத் தாண்டிக் குதித்துவிடலாம். அப்போது கடிகாரம் வெறிபிடித்ததுபோல் முந்தி ஓடும். ஆட்டோமேட்டிக்கில் ரோட்டர்தான் மிகக் கனமான அசையும் பாகம். 1948இல் எட்டர்னா அதைப் பால் பேரிங்கில் ஏற்றியது அதன் அச்சுக்குக் கிடைத்த பெரிய நிவாரணம். பேலன்ஸை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கைக்குப் பதிலாக இருபுறமும் ஊன்றிய பாலத்தை இப்போது பல நிறுவனங்கள் வைக்கின்றன. அடியில் தாங்கியே அசையாமல் இருக்க அது உதவுகிறது. சுத்தியல் வேலை, துளையிடும் இயந்திரத்தின் ஓயாத அதிர்வு போன்றவை வேறு ரகம். ஒரு பெரிய அடிக்காக அமைந்த ஸ்பிரிங் ஆயிரக்கணக்கான சிறு அடிகளுக்குத் தீர்வாகாது. அந்த வேலைகளுக்குக் கழற்றி வைப்பதே சரி.

ப்ரெகேயின் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2013இல் புதிய வழி ஒன்றைக் காட்டியது. 7727 என்ற அந்தக் கடிகாரத்தில் அச்சின் இரு முனைகளுக்கும் அப்பால் வலிமை சமமற்ற இரண்டு காந்தங்கள் இருக்கின்றன. அச்சு அவற்றின் புலத்தில் நடுக்கோட்டில் நிற்கிறது. எப்போதும் வலிமை கூடிய காந்தத்தின் பக்கமே சாய்ந்து அங்கே உள்ள கல்லைத் தொடுகிறது. அடி விழுந்து விலகினால் காந்தமே அதை நடுவுக்கு இழுத்துவிடும். கடிகாரத்தின் பரம எதிரியான காந்தத்தை அதன் இதயத்தில் வைக்க முடிந்தது, ஹேர் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் காந்தம் தீண்டாத சிலிக்கனில் செய்யப்பட்டதால்தான். பேலன்ஸ் மணிக்கு 72,000 முறை வீசுகிறது. 2014இல் ஜெனீவாவின் தங்க ஊசிப் பரிசு அதற்குக் கிடைத்தது. விலகுவதற்கும் திரும்புவதற்கும் இடையிலான பழைய இழுபறியில், திரும்பும் பக்கத்தை உராய்வே இல்லாத ஒரு விசையிடம் ஒப்படைத்த முதல் பெரிய முயற்சி என்று இதைக் கருதுகிறேன். பரவலாக வருமா என்பது விலையையும் பழுது பார்ப்பதையும் பொறுத்தது.

கையில் இருக்கும் சாதாரணக் கடிகாரம் விழுந்து, ஓட்டம் நிற்காமல் இருந்தால், அதோடு விட்டுவிட வேண்டாம். முழுச் சாவி கொடுத்து, முகம் மேலே இருக்கும்படி ஒரு நாள் வைத்து எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதேபோல் சாவி கொடுத்து முகத்தைக் கவிழ்த்து வைத்துக் குறியுங்கள். விழுவதற்கு முன் இல்லாத பெரிய வித்தியாசம் இப்போது இரண்டுக்கும் நடுவே தெரிந்தால், ஒரு முனை தட்டையாகியிருக்கலாம், அல்லது ஒரு பக்கத்துக் கல் தன் இருக்கைக்குத் திரும்பாமல் இருக்கலாம். இரண்டாவது என்றால் ஸ்பிரிங்கைத் திறந்து கல்லைச் சரியாக அமர்த்தினாலே போதும். முதலாவது என்றால் அச்சை மாற்ற வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் தட்டையான முனை கல்லையும் கெடுத்துவிடும்.